முதுகுப் பேக்கன்: பதப்படுத்தியதெல்லாம் வெந்ததாகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சமையற் பகுதியில், கொழுப்புக் குறைந்த காலையுணவு இறைச்சி என்ற வகையில் முதுகுப் பேக்கனைப் பற்றி அண்மையில் வெளியான குறிப்பை வாசித்தேன். கனடாவில் முட்டையோடும் பாணோடும் காலை வேளையில் உண்ணப்படும் இந்த இறைச்சியைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதுவோர் குறைவு என்பதால், அம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் அதில் இருந்த இரண்டு வாக்கியங்களை அப்படியே கடந்துபோக முடியவில்லை. ‘இது பதப்படுத்தப்பட்ட இறைச்சி என்பதால் இலேசாகச் சூடுகாட்டினால் போதும்’ என்பது ஒன்று. ‘உப்பில் ஊறியது என்பதால் நெடுநாள் வைத்திருக்கலாம்’ என்பது மற்றொன்று. முதலாவது, கடையில் விற்கப்படும் ஒரு வகைக்குப் பொருந்தும். அதன் அருகிலேயே அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் இன்னொரு வகைக்குப் பொருந்தவே பொருந்தாது. இரண்டாவது, இன்று கடையில் கிடைக்கும் எந்த வகைக்கும் பொருந்தாது. கடையொன்றின் இறைச்சிப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், வாடிக்கையாளர்கள் அடிக்கடி தடுமாறும் இடமும் இதுவே என்று அறிவேன். எனவே சற்று நீளமாகவே எழுத நேர்கிறது.

பேக்கன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, வெள்ளைக் கொழுப்பும் சிவந்த தசையும் வரிவரியாக மாறிமாறி வரும் நீண்ட சீவல். அது பன்றியின் வயிற்றுப் பகுதியிலிருந்து எடுக்கப்படுவது. அதன் பெரும்பகுதி கொழுப்பே. முதுகுப் பேக்கனோ, முதுகெலும்பின் இரு மருங்கிலும் ஓடும் நீண்ட தசையிலிருந்து வெட்டப்படுவது. அந்தத் தசை விலங்கின் உடலில் அதிகம் உழைக்காத தசைகளுள் ஒன்று என்பதால் மென்மையானது. கொழுப்பு அதனுள்ளே பரவியிராமல் மேற்புறத்தில் ஓர் அடுக்காகவே இருப்பதால், அந்த அடுக்கைச் சீவி எடுத்துவிட்டால் எஞ்சுவது ஏறத்தாழ வெறும் தசை மட்டுமே. சுவையிலும் இழையிலும் இது வயிற்றுப் பேக்கனைவிட ஹாமுக்கு நெருங்கிய உறவு. ஹாம் பின்தொடையிலிருந்து வருவது, இது முதுகிலிருந்து வருவது என்பதே அவற்றுக்கிடையிலான முதன்மையான வேறுபாடு. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வயிற்றுப் பேக்கனைச் சமைக்கும் முறையை இதன்மீது பிரயோகிப்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தோல் போன்ற, மெல்ல முடியாத சீவல்தான். கொழுப்பு உருகி மொறுமொறுப்பாகும் வரை காத்திருக்க, இங்கே உருகுவதற்குக் கொழுப்பே இல்லை.

இனி வகைகளுக்கு வருவோம். அமெரிக்காவில் ‘கனடியன் பேக்கன்’ என்ற பெயரில் விற்கப்படுவது, உப்புநீரில் பதப்படுத்தி, உருளை வடிவில் கட்டி, புகையூட்டி, பெரும்பாலும் முழுவதும் வேகவைத்து, வட்டமாகச் சீவிப் பொதியிடப்பட்ட இறைச்சி. கனடாவின் கடைகளிலும் இவ்வாறு புகையூட்டி வேகவைத்த முதுகுப் பேக்கன் கிடைக்கிறது. பிரித்தானியாவில் பேக்கன் என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்கும் சீவலில் முதுகுத்தசையோடு வயிற்றுப்பகுதியின் ஒரு வாலும் சேர்ந்திருக்கும். அது வேகாத இறைச்சி. இவற்றுக்கெல்லாம் வேறாக, ஒன்ராறியோவுக்கே உரியது என்று சொல்லத்தக்க பீமீல் (ஆங்கிலத்தில் ‘பட்டாணிமா’ என்று பொருள்) பேக்கன் இருக்கிறது. முதுகுத்தசையை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரில் ஊறவைத்து, புகையூட்டாமல், வேகவைக்காமல், மஞ்சள் சோளமாவில் புரட்டி எடுத்து விற்பது அது.

அதன் வரலாறும் சுவையானதே. இங்கிலாந்தில் பிறந்து 1854ஆம் ஆண்டில் கனடாவுக்கு வந்த வில்லியம் டேவிஸ், ரொறன்ரோவின் செயின்ட் லாரன்ஸ் சந்தையில் இறைச்சிக் கடை வைத்து, பின்னர் பெரும் பன்றி இறைச்சி வணிகராக வளர்ந்தவர். பதப்படுத்திய முதுகுத்தசையை, கப்பலில் போகும் வழியில் கெடாதிருக்க, உலர்ந்த மஞ்சள் பட்டாணியை அரைத்த மாவில் புரட்டி அனுப்பும் வழக்கம் அவரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் பட்டாணிமாவின் இடத்தைச் சோளமா பிடித்துக்கொண்டது. பெயரில் மட்டும் பட்டாணி தங்கிவிட்டது. ரொறன்ரோவுக்குப் ‘பன்றி நகரம்’ என்ற பட்டப்பெயர் நிலைத்ததற்கும் அவருடைய நிறுவனத்தின் பெருக்கத்தையே பலர் காரணமாகக் காட்டுவர். அதே செயின்ட் லாரன்ஸ் சந்தையில் இன்றும் பீமீல் பேக்கனை வாட்டி, மென்மையான பணிசுக்குள் வைத்துத் தருகிறார்கள்.

ஆக, ஒரே தசை, ஒரே உப்புநீர், ஏறத்தாழ ஒரே நிறம். ஆனால் ஒன்று பொதியைத் திறந்தவுடன் உண்ணக்கூடியது, மற்றொன்று பச்சை இறைச்சி. தங்கள் குறிப்பு இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதுதான் என் கவலைக்குக் காரணம்.

இந்த மயக்கத்தின் வேர், பதப்படுத்துதல் என்றால் என்ன என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ளாததில் இருக்கிறது. உப்பு, இறைச்சியின் உள்ளிருக்கும் நீரில் கரைந்து, நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய நீரின் அளவைக் குறைக்கிறது. தசைப் புரதங்களின் இயல்பை மாற்றி, அவை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் உதவுகிறது. சர்க்கரை உப்பின் கூர்மையைத் தணிக்கிறது. இவற்றோடு மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படும் சோடியம் நைட்ரைட் மூன்று வேலைகளைச் செய்கிறது: பொட்டுலிசம் எனும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியா வளராமல் தடுக்கிறது, கொழுப்பு காறிப்போவதைத் தாமதப்படுத்துகிறது, தசைக்குச் செந்நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு வினைபுரிந்து, வெப்பத்தாலும் மாறாத இளஞ்சிவப்பு நிறத்தை உருவாக்குகிறது. சாதாரணப் பன்றி இறைச்சி வெந்ததும் சாம்பல் கலந்த வெண்மையாக மாறுவதும், ஹாமும் பேக்கனும் வெந்தபின்னும் இளஞ்சிவப்பாகவே இருப்பதும் இதனால்தான். எனவே இந்த இறைச்சியில், ‘சிவப்புப் போய்விட்டது, வெந்துவிட்டது’ என்று கண்ணால் தீர்மானிக்கும் பழக்கம் இரு வழியிலும் ஏமாற்றும்: நன்றாக வெந்ததை வேகவில்லை என்று எண்ணி வறட்டிவிடுவோம், அல்லது கடையில் பார்க்கும்போதே இளஞ்சிவப்பாக இருப்பதைக் கண்டு அது வெந்தது என்று நம்பிவிடுவோம்.

இவற்றுள் எந்த வேலையும் சமைத்தலுக்கு ஈடாகாது. இன்றைய உப்புநீர் மென்மையானது. சுவைக்கும் நிறத்துக்கும் இழைக்கும் ஏற்றவாறு அளவிடப்பட்டது. சல்மோனெல்லா போன்ற கிருமிகள் இருந்தால் அவற்றைக் கொன்றுவிடும் ஆற்றல் அதற்குக் கிடையாது. குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் இறைச்சியைக் கடுமையாக உப்பிட்டு, நீரை வெளியேற்றி, மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். சமைக்குமுன் அதை நீரில் ஊறவைத்து உப்பை எடுக்க வேண்டியிருந்தது. இன்று நாம் வாங்குவது அதுவன்று. இக்காலத் தொழிற்சாலைகளில் உப்புநீரை வரிசையான ஊசிகளால் தசைக்குள் செலுத்துகிறார்கள். வாரக்கணக்கில் ஊறவேண்டியது ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது, இறைச்சியின் ஈரமும் கூடிவிடுகிறது. பொதியின் உள்ளடக்கப் பட்டியலில் இறைச்சிக்கு அடுத்தபடியாக நீர் இடம்பெறுவதும், பொஸ்பேற்று என்ற சேர்மம் காணப்படுவதும் இதனால்தான். பொஸ்பேற்று அந்நீரைத் தசைக்குள் கட்டிவைக்கிறது. இது ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. கொழுப்பற்ற முதுகுத்தசை வறண்டுபோகாமல் இருப்பதற்கு அந்த ஈரம் உதவவே செய்கிறது. ஆனால் வாணலியில் இட்டதும் நீர் கசிந்து, சீவல் வறுபடாமல் அவிந்துகொண்டிருந்தால், குறை அடுப்பில் இல்லை என்பதை அறிந்துகொள்ளலாம்.

புகையைப் பற்றியும் ஒரு சொல். புகையூட்டியது என்றால் வெந்தது என்று பொருளில்லை. தாழ்ந்த வெப்பநிலையில் புகையூட்டப்பட்ட இறைச்சி, மணமும் நிறமும் பெற்றிருந்தாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும். வெப்பப் புகையில் உள்வெப்பநிலை போதிய அளவுக்கு உயர்ந்தால் மட்டுமே அது வெந்ததாகும். ஆதலால் ‘பதப்படுத்தியது’, ‘புகையூட்டியது’ என்ற இரண்டு குறிப்புகளும் லேபிளில் இருந்தாலும், நமக்கு வேண்டிய தகவல் இன்னும் கிடைக்கவில்லை. தேடவேண்டியது மூன்றாவது குறிப்பை: ‘முழுமையாகச் சமைக்கப்பட்டது’, ‘உண்ணத் தயாரானது’ என்று இருக்கிறதா, அல்லது ‘உண்ணுமுன் சமைக்கவும்’, ‘வேகாதது’ என்று இருக்கிறதா? இவற்றுள் எதுவும் கண்ணில் படாவிட்டால், பச்சை இறைச்சியாகவே கருதிச் சமைப்பது அறிவுடைமை. சோளமா பூசியிருந்தால் ஐயமே வேண்டாம். அதை வேகாததாகவே கொள்ள வேண்டும். இறைச்சிக் கடையில் வெட்டித் தருவதை வாங்குவோர் விற்பவரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழுமையாகச் சமைக்கப்பட்ட வகையை வைத்துக்கொண்டு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. வாணலியை மிதமான தீயில் சூடாக்கி, ஒரு துளி எண்ணெயோ வெண்ணெயோ தடவி, சீவலை ஒரு பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிடம் வாட்டினால் ஓரங்கள் பொன்னிறமாகி மணம் எழும், அவ்வளவே. கொழுப்புக் குறைவு என்பதால் எண்ணெய் இல்லாத வாணலியில் ஒட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இதை மொறுமொறுப்பாக்க முயல்வது வீண். உப்புநீரில் உள்ள சர்க்கரை, தீ மிகுந்தால் சீவல் சூடேறும் முன்பே கருகிவிடும். சமையலில் சேர்ப்பதாயின் கடைசியில் சேர்த்து, மற்றவற்றில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கருவுற்றிருப்போர், முதியோர், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோருக்குப் பரிமாறும்போது மட்டும், பொதியில் ‘உண்ணத் தயாரானது’ என்று இருந்தாலும், ஆவி பறக்கும் வரை, அதாவது 74 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கியே கொடுக்க வேண்டும். இதற்கான காரணத்தைச் சேமிப்பைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

வேகாத வகைக்கு உண்மையான சமையல் தேவை. கனடாவின் சுகாதாரத் துறை பன்றி இறைச்சியின் துண்டுகளுக்கும் முழு வெட்டுகளுக்கும் 71 பாகை செல்சியஸ் உள்வெப்பநிலையைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை 2011இலிருந்து முழு வெட்டுகளுக்கு 63 பாகையும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்கிறது. இணையத்தில் இரண்டு எண்களும் கலந்து காணப்படுவதற்குக் காரணம் இதுவே. கனடாவில் வாங்கிச் சமைப்பவர்கள் கனடாவின் எண்ணைப் பின்பற்றுவதே முறை என்பது என் கருத்து. உப்புநீர் ஏற்றப்பட்ட இறைச்சி என்பதால் 71 பாகையிலும் இது சாதாரண முதுகு இறைச்சியைப் போல வறண்டுவிடுவதில்லை. ஆறு மில்லிமீற்றர் அளவுத் தடிப்புள்ள சீவலுக்கு மிதமான தீயில் ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு நிமிடம் தேவைப்படும். வெப்பமானியின் முனையை மேலிருந்து குத்தாமல், சீவலின் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதிவரை செருகினால்தான் அளவு சரியாகக் காட்டும். மிக மெல்லிய சீவலில் வெப்பமானி பயன்படாது. அப்போது நிறத்தை விட்டுவிட்டு ஒளியூடுருவும் தன்மையைக் கவனிக்கலாம். வேகாத சீவல் ஈரமாக, சற்றே கண்ணாடித்தன்மையோடு, ஆழ்ந்த ரோசா நிறத்தில் இருக்கும். வெந்ததும் அத்தன்மை முழுவதும் மறைந்து, இளஞ்சிவப்பாகவும் இறுக்கமாகவும் ஒளிபுகாததாகவும் ஆகிவிடும். நடுவில் எங்கேனும் கண்ணாடித்தன்மை எஞ்சியிருந்தால் இன்னும் சமைக்க வேண்டும்.

பீமீல் பேக்கனின் சோளமாப் பூச்சு, மிதமான தீயில் பொன்னிற மொறுமொறுப்பாகி இதன் சிறப்பாகவே அமையும். தீ அதிகமானால் மாவு கருகி, உள்ளே இறைச்சி வேகாமல் நிற்கும். குழாய்நீரில் பச்சை இறைச்சியைக் கழுவும் பழக்கமுள்ளோர் இதை மட்டுமாவது கழுவாமல் விடுவது நல்லது: கழுவினால் பூச்சும் போகும், நீர்த்திவலைகளோடு கிருமிகளும் சமையலறையில் தெறிக்கும். கூர்மையான கடுகு விழுதோ சிறிதளவு மேப்பிள் பாகோ இதற்கு நன்றாகப் பொருந்தும் என்பது என் நாக்கின் தீர்ப்பு.

விருந்தினர் பலர் வரும் நாளில் சீவல்சீவலாக வாட்டுவதைவிட, முழுத்துண்டாக வாங்கிக் கனலடுப்பில் வாட்டுவதே சிறந்தது. 160 முதல் 175 பாகை வரையிலான வெப்பத்தில், துண்டின் மிகத் தடித்த இடத்தில் வெப்பமானி 71 பாகை காட்டும் வரை வைத்து, எடுத்தபின் பத்து நிமிடம் அப்படியே ஆறவிட்டு, தசை இழைக்குக் குறுக்காகச் சீவ வேண்டும். துண்டின் நீளத்தைவிடத் தடிப்பே நேரத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், ‘கிலோவுக்கு இத்தனை நிமிடம்’ என்று எழுதப்படும் கணக்குகளை நான் நம்புவதில்லை.

சேமிப்பைப் பற்றித்தான் தங்கள் குறிப்பு அதிகம் தவறியிருக்கிறது. இன்றைய முதுகுப் பேக்கன், வெந்ததாயினும் வேகாததாயினும், குளிர்சாதனப்பெட்டியில் 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டிய பொருள். 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பக்டீரியாக்கள் விரைந்து பெருகும். எனவே மேசைமீது இரண்டு மணி நேரத்துக்கு மேல், வெயில் கடுமையான நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியே விடக்கூடாது. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பொதியின் மேலுள்ள ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்ற நாள், திறக்கப்படாத பொதிக்கு மட்டுமே உரியது. திறந்த கணத்தில் அந்த நாள் தன் பொருளை இழந்துவிடுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டலின்படி, சீவிய கனடியன் பேக்கனைக் குளிர்சாதனப்பெட்டியில் மூன்று, நான்கு நாள்களும், உறைபெட்டியில் நான்கு முதல் எட்டு வாரங்களும் வைத்திருக்கலாம். வேகாத பீமீலையும் திறந்தபின் அதே மூன்று, நான்கு நாள்களுக்குள் சமைத்துவிடுவதே நல்லது என்பேன். உப்பு அதிகமாயிற்றே, ஒரு வாரம் தாங்காதா என்று கேட்போருக்கு ஒரு விடை உண்டு. லிஸ்டீரியா என்ற பக்டீரியா உப்பைப் பொறுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, மற்றப் பல கிருமிகள் உறங்கிவிடும் குளிர்சாதனப்பெட்டியின் குளிரிலும் மெல்ல மெல்ல வளரும். உண்ணத் தயாரான இறைச்சி தொழிற்சாலையில் வெந்தபின், சீவும் இயந்திரத்திலோ பொதியிடும் இடத்திலோ இக்கிருமி அதன்மீது ஏறிவிட்டால், அதன்பின் நாம் சமைக்காமல் உண்பதால் அதைக் கொல்ல எதுவுமில்லை. 2008ஆம் ஆண்டில் கனடாவில், உண்ணத் தயாரான இறைச்சிகள் வழியாகப் பரவிய லிஸ்டீரியா தொற்றில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். கருவுற்றோருக்கும் முதியோருக்கும் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுவே. உற்பத்தியாளர்கள் சிலர் லக்ரேற்று, டையசிற்றேற்று போன்ற உப்புகளைச் சேர்ப்பதும் இக்கிருமியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தவே. தாமதப்படுத்துவது வேறு, இல்லாமற் செய்வது வேறு.

உறைபெட்டியைப் பற்றிய ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். உப்பிடாத பன்றித் துண்டை மாதக்கணக்கில் உறையவைக்கலாம். உப்பிட்டதையோ அவ்வளவு காலம் வைத்திருக்க முடியாது. உப்பு, கொழுப்பு ஒட்சியேற்றமடைவதைத் துரிதப்படுத்துவதால், -18 பாகை செல்சியஸ் உறைகுளிரிலும் அது மெதுவாகக் காறிக்கொண்டே இருக்கும். இதில் ஆபத்தில்லை, சுவைதான் கெடும். முதுகுப் பேக்கனில் கொழுப்புக் குறைவு என்பதால் வயிற்றுப் பேக்கனைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். உறையவைப்பதாயின், வாங்கிய அன்றே, ஒருவேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, சீவல்களுக்கிடையே மெழுகுத்தாள் இட்டு, காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடி, தேதியை எழுதிவைக்க வேண்டும். உருகவைப்பதைக் குளிர்சாதனப்பெட்டிக்குள்ளேயே செய்ய வேண்டும். சமையலறை மேசையில் இரவு முழுவதும் வைத்து உருக்கியதை மீண்டும் உறையவைக்கவும் கூடாது, உண்ணவும் கூடாது.

கெட்டுவிட்டதா என்று அறிவதிலும் குழப்பங்கள் உண்டு. வெட்டிய பரப்பில் மயில்தோகையைப் போலப் பச்சையும் நீலமுமாய் ஒரு மினுக்கம் தெரிந்தால், பலர் பதறிப்போய்க் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். நெருக்கமாக அடுக்கப்பட்ட தசை இழைகளின்மீது ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றும் நிறம் அது. கோணத்தை மாற்றிப் பார்த்தால் மறைந்துவிடும், கெடுதல் இல்லை. கடையின் விளக்கொளியிலும் காற்றிலும் நிறம் மங்கிச் சாம்பலாகத் தெரிவது பழசாகி வருவதன் அறிகுறி. அதை மட்டும் வைத்துக் கெட்டுப்போனது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் விரலில் பிசுபிசுப்பாக ஒட்டும் வழுவழுப்பு, புளித்த வாடை, கோணம் மாற்றினாலும் மறையாத பச்சைப் படலம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் சுவைத்துப் பார்க்கவே வேண்டாம். காற்றகற்றி இறுக்கமாக மூடிய பொதி உப்பியிருந்தாலும் அப்படியே. லிஸ்டீரியா மட்டும் வாடையும் தராது, வழுவழுப்பும் தராது; நாள்கணக்கை மூக்கு ஈடுசெய்யாது என்று நான் வற்புறுத்துவது அதனாலேயே.

உடல்நலத்தைப் பற்றித் தங்கள் குறிப்பு ‘கொழுப்புக் குறைவு, ஆகவே தாராளமாக உண்ணலாம்’ என்று முடிந்திருந்தது. கொழுப்புக் குறைவு என்பது உண்மை. புரதமும் நிறைய உண்டு. ஆனால் உப்பு குறைவன்று. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. காலையில் நாலைந்து சீவல்களை உண்பவர் அதில் கணிசமான பங்கை மதியத்துக்கு முன்பே தீர்த்துவிடுகிறார். 2026 தொடக்கத்திலிருந்து கனடாவில் சோடியம் மிகுந்த பொதியுணவுகளின் முகப்பில் எச்சரிக்கைச் சின்னம் இடம்பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருப்பதால், இதைக் கண்டறிவது இப்போது எளிது. மேலும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டில் பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பதால் பெருங்குடற் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 வீதம் கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் சமமான ஆபத்து என்று சிலர் எழுதுவது தவறு. அப்பிரிவு சான்றின் வலிமையைக் குறிப்பது, ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. அதேபோல் ‘நைட்ரைட் சேர்க்காதது’, ‘இயற்கையானது’ என்று விற்கப்படும் பேக்கன்களில் பெரும்பாலானவை செலரித் தூளால் பதப்படுத்தப்பட்டவை. செலரியில் இயல்பாகவே உள்ள நைட்ரேற்று நைட்ரைட்டாக மாறி அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது அவரவர் விருப்பம்.

நைட்ரைட், உயர்ந்த வெப்பத்தில் புரதத்தின் சிதைவுப் பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமைன்கள் என்ற தீய சேர்மங்களாக மாறக்கூடும். வறுத்து மொறுமொறுப்பாக்கப்படும் வயிற்றுப் பேக்கனில் இது கூடுதலாக நிகழ்வதால், கனடாவின் விதிகள் பொதுவான பதப்படுத்திய இறைச்சிக்குப் பத்து இலட்சத்தில் 200 பங்கு நைட்ரைட்டை அனுமதிக்கும்போது, வயிற்றுப் பேக்கனுக்கு 120 பங்கையே அனுமதிக்கின்றன. மிதமான தீ, கருகாத சீவல் என்று மேலே சொன்னது சுவைக்காக மட்டுமன்று.

ஆகையால், முதுகுப் பேக்கனைச் சேர்த்து இனி வெளியிடும் ஒவ்வொரு சமையற் குறிப்பிலும், அது முழுமையாகச் சமைக்கப்பட்ட வகையா, வேகாத வகையா என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுமாறும், வேகாததாயின் 71 பாகை என்ற எண்ணைத் தவறாமல் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். முன்னர் வெளியான குறிப்பை வெட்டியெடுத்து வைத்திருக்கும் வாசகர்கள் இருக்கக்கூடும் என்பதால், அதற்கான திருத்தத்தைச் சமையற் பகுதியிலேயே வெளியிட்டால் அது உரியவர்களின் கண்ணில் படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
ஒன்ராறியோ